சங்குக் கறியில் தாமிரம்: கடல் கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்றாகுமா?

7 ஜனவரி 2024: வாசகர் ஒருவரின் கேள்வி

"மன்னார் வளைகுடாவில் பிடிபடும் சங்கிலும் முள்ளிச் சங்கிலும் மீனில் இருப்பதைவிடப் பல மடங்கு தாமிரம் இருப்பதாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். துத்தநாகமும் காட்மியமும்கூட அந்த அட்டவணையில் இருந்தன. கடல் கெட்டுவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? எங்கள் வீட்டில் சங்குக் கறி சமைப்பதையே நிறுத்திவிட்டோம். இத்துறையில் இருந்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?"

8 ஜனவரி, காலை

மறுக்க முடியும், ஆனால் பாதியைத்தான். தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சங்கையும் மட்டியையும் சிப்பியையும் உலர்த்தி, அரைத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கருவி காட்டும் எண்களைக் குறித்துக்கொண்டே காலத்தைக் கழித்தவன் நான்.

முதலில் தாமிரம். நம் குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின். சங்கின் குருதியில் அந்த வேலையைச் செய்வது ஹீமோசயானின் என்ற புரதம். அதில் இரண்டு தாமிர அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துவைக்கின்றன. ஆக்சிஜன் ஏறியவுடன் அக்குருதி வெளிர் நீலமாக மாறும். உயிருள்ள சங்கை அறுத்து, வடியும் நீரைச் சற்று நேரம் காற்றில் வைத்துப் பார்த்தவர்கள் அந்த நீலத்தைக் கண்டிருப்பார்கள். ஆகவே அப்பழுக்கற்ற கடலில் வளரும் சங்கிலும் தாமிரம் இருந்தே தீரும்; இல்லாவிட்டால் அதனால் மூச்சுவிட முடியாது. மீனுக்கோ நம்மைப் போல ஹீமோகுளோபின்தான் இருக்கிறது. மீனையும் சங்கையும் தாமிரத்தில் ஒப்பிட்டுக் கடல் கெட்டது என்று முடிவு கட்டுவது, ஆட்டுக்கறியில் இரும்பு மிகுதியாக இருக்கிறது, ஆகவே அது மேய்ந்த புல்வெளி துருப்பிடித்துவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

காட்மியம் வேறு கதை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

8 ஜனவரி, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அட்டவணையின் அடியில் "உலர் எடைக்கு" என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சங்குச் சதையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர் எடைக்குச் சொல்லப்பட்ட எண்ணை நீங்கள் சந்தையில் வாங்கும் ஈரச் சதைக்கு மாற்ற, ஏறத்தாழ நான்காலோ ஐந்தாலோ வகுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு வரம்புகள் எல்லாம் ஈர எடைக்கு எழுதப்பட்டவை. உலர் எடை எண்ணை ஈர எடை வரம்போடு நிறுத்தி அலறிய செய்திகளை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

11 ஜனவரி

"நீங்கள் எப்போதாவது அப்படித் தவறு செய்ததுண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்திருக்கிறேன், அதுவும் அச்சேறும் அளவுக்கு.

1990-களின் தொடக்கத்தில், துறைமுகத்துக்கு அருகிலிருந்து ஒரு தொகுதியும் தெற்கே தள்ளி ஓர் ஊரிலிருந்து மற்றொரு தொகுதியுமாகப் பாறைச் சங்குகளைச் சேகரித்தோம். துறைமுகத் தொகுதியில் இரும்பும் ஈயமும் மிகுந்திருந்தன. மகிழ்ச்சியோடு ஒரு கருத்தரங்கில் படித்தேன். அவையில் பின்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், "குடலைக் காலி செய்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். செய்யவில்லை. பிடித்த சங்குகளை வடிகட்டிய தூய கடல்நீரில் ஓரிரு நாள் உயிரோடு வைத்து, குடலில் உள்ள மண்ணையும் இரையையும் வெளியேற்றச் செய்த பிறகே அறுக்க வேண்டும். நான் அளந்த இரும்பில் எவ்வளவு சங்கின் உடலுக்குரியது, எவ்வளவு அதன் வயிற்றிலிருந்த சேற்றுக்குரியது என்பதை என்னாலேயே சொல்ல முடியவில்லை. இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: அலுமினியத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அலுமினியம் களிமண்ணின் முக்கியக் கூறு. சங்கின் உடலுக்கு அதில் வேலை ஏதும் இல்லை. அலுமினியம் உயரும்போதெல்லாம் இரும்பும் சேர்ந்து உயர்ந்தால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது சேற்றைத்தான்.

இரண்டாவது தவறு இதைவிட வெட்கத்துக்குரியது. ஓர் ஆண்டு முழுவதும் எங்கள் மாதிரிகளில் நிக்கலும் குரோமியமும் விடாமல் தென்பட்டன. கடலில் எங்கோ கசிவு இருப்பதாகக் கருதி வரைபடம்கூட வரைந்துவிட்டோம். கடைசியில் பார்த்தால், ஓட்டை உடைக்கவும் சதையை அறுக்கவும் நாங்கள் பயன்படுத்திய கத்தி துருவேறா எஃகு. அதில் இருப்பவையே அவ்விரண்டு உலோகங்களும். பிறகு ஞெகிழிக் கத்திக்கு மாறினோம். கண்ணாடிக் கலன்களை இரவு முழுவதும் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தோம். ஒவ்வொரு தொகுதியோடும் மாதிரியே இல்லாத வெற்று அமிலத்தையும், உலோக அளவு சான்றளிக்கப்பட்ட சிப்பித் தூளையும் ஓட்டிப் பார்த்தோம். சிப்பித் தூளுக்குச் சரியான எண் வராவிட்டால் அன்றைய வேலை அத்தனையும் குப்பைக்குப் போகும். அப்படிப் போன நாள்கள் குறைவல்ல.

இப்போது ஒரு கட்டுரையைக் கையிலெடுத்தால் முடிவுரையைப் படிப்பதில்லை. குடலைக் காலி செய்தது, வெற்று அமிலத்தை ஓட்டியது, சான்றளிக்கப்பட்ட தூளை ஓட்டியது ஆகிய மூன்றும் செய்முறைப் பகுதியில் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

13 ஜனவரி

நான் ஆலைகளுக்கு வக்காலத்து வாங்குவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஓய்வூதியம் தவிர வேறு எந்த வருமானமும் எனக்கு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொண்டு, காட்மியத்துக்கு வருகிறேன்.

தாமிரமும் துத்தநாகமும் சங்கின் உடலுக்கு வேண்டியவை. காட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய மூன்றுக்கும் அதன் உடலில் எந்த வேலையும் இல்லை. ஆனால் காட்மியம் கால்சியத்துக்குத் திறக்கும் வாயில்களின் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. நுழைந்ததைச் சங்கு எளிதில் வெளியேற்றுவதில்லை, கட்டிவைக்கிறது. கட்டிவைக்கும் கயிற்றின் பெயர் மெட்டல்லோதயோனீன். 1957-இல் மார்கோஷஸ், வல்லீ ஆகிய இருவரும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த சிறிய புரதம் இது. இதிலுள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கந்தகமுள்ள சிஸ்டீன் என்பதால் உலோக அணுக்களைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். நத்தைகளின் திறமை இதில் ஒரு படி மேல். ஆஸ்திரியாவின் ரைன்ஹார்ட் டாலிங்கர் குழு 1997-இல் ஐரோப்பிய நிலநத்தை ஒன்றில் காட்டியபடி, செரிமானச் சுரப்பியில் காட்மியத்துக்கென்று ஒரு வகைப் புரதமும், மேலுறைத் திசுவில் தாமிரத்துக்கென்று வேறொரு வகையும் இருக்கின்றன. ஒரே வீட்டில் நகைக்கு ஒரு பெட்டியும் நஞ்சுக்கு ஒரு பெட்டியும் வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு அது.

இரண்டாவது வழி மணிகள். செரிமானச் சுரப்பியின் செல்களுக்குள் கால்சியம் பாஸ்பேட் நுண்மணிகள் உருவாகின்றன. துத்தநாகம், மாங்கனீசு போன்றவை அவற்றுக்குள் சிறைப்படுகின்றன. 1990-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் நாட்டும் கிரேக்கத்தின் ஆர்ட்டமிஸ் நிக்கோலாய்டோவும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இத்தகைய மணிகள் நிறைந்த நத்தையை ஊனுண்ணிச் சங்கு ஒன்று தின்றபோது, மணிகளில் பெரும்பகுதி அதன் குடலில் கரையாமல் கழிவோடு வெளியேறின. அதாவது, இரையின் உடலில் அளவிடப்படும் உலோகம் முழுவதும் அதைத் தின்பவரின் உடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. புரதத்தில் கட்டுண்ட காட்மியமோ பெரும்பாலும் செரித்து உள்ளே போய்விடும்.

இங்கே நம் சங்கின் உணவுப் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். அது ஊனுண்ணி, மணலுக்குள் வாழும் பல்சுணைப் புழுக்களைத் தின்கிறது. சங்கு குளிப்பவர்கள் சங்கு கிடைக்கும் நிலத்தைப் பூச்சி மணல் என்று அழைப்பதன் காரணமே அதுதான். ஹாங்காங்கின் வென்-ஷியோங் வாங் குழு 2002-இல் ஒரு பாறைச் சங்கையும் பாபிலோனியா என்ற கடல்நத்தை வகையில் ஓர் இனத்தையும் ஆராய்ந்து, அவற்றின் உடலில் சேரும் காட்மியமும் துத்தநாகமும் பெரும்பாலும் நீரிலிருந்து வராமல் உணவிலிருந்தே வருவதைக் காட்டியது. ஆகவே நீரை மட்டும் அளந்து, "காட்மியம் வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புழு என்ன தின்கிறது, அந்த மணலில் என்ன படிகிறது என்று பார்க்க வேண்டும். நிலக்கரிச் சாம்பல் படியும் கரை என்றால் கூடுதலாகப் பார்க்க வேண்டும். வக்காலத்துக் குற்றச்சாட்டுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

15 ஜனவரி

பொங்கல் வேலைகளுக்கிடையில் ஒரு வரி: கட்டுரையில் ஆர்சனிக் இருந்தால், அது "மொத்த ஆர்சனிக்" தானா என்று பாருங்கள். கடல் உயிரிகளில் அதன் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற, ஏறத்தாழ நஞ்சற்ற வடிவில் இருக்கும். 1977-இல் ஆஸ்திரேலியப் பாறை இறாலில் அதை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். மொத்த அளவை மட்டும் பார்த்தால் எல்லாக் கடலுணவும் கொலைக்கருவியாகத் தோன்றும்.

19 ஜனவரி

என் முதல் குறிப்பை மீண்டும் படித்தேன், ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பெரிய எண் மாசுக்குச் சான்றாகாது என்று சொன்ன நான், சிறிய எண் நலத்துக்குச் சான்றாகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நான் அறிந்த மிகக் கொடிய எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் பாறைச் சங்கான நியூசெல்லா லாப்பில்லஸ்.

1970-இல் பிளிமத் கடற்கரையில் பிளேபர் என்ற ஆய்வாளர், இந்த இனத்தின் பெண் சங்குகளில் ஆணுறுப்பு போன்ற ஒன்று முளைத்திருப்பதைக் கண்டு பதிவு செய்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சேற்று நத்தையிலும் அதே நிலை பதிவானது. படகுத்துறைகளுக்கு அருகில் மட்டும் இது மிகுந்திருப்பதை வைத்துக் காரணத்தைத் தேடிப் போனார்கள். 1980-களில் பிரையன், கிப்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் காரணத்தை உறுதி செய்தன: கப்பல் அடியில் கொட்டலசு என்ற ஓட்டுயிரி ஒட்டாமல் இருக்கப் பூசும் வண்ணப்பூச்சில் சேர்க்கப்பட்ட டிரைபியூட்டைல் டின் என்ற கரிம வெள்ளீயச் சேர்மம். லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது பத்துக் கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம் என்ற அளவே இம்மாற்றத்தைத் தொடங்கிவைக்கப் போதுமானது. அளவு சற்று ஏறினால் முட்டை வெளியேறும் குழாய் அடைபட்டு, முட்டைக் கூடுகள் உள்ளேயே தங்கி, பெண் சங்கு இறந்துபோகும். இந்த இனத்துக்கு நீந்தித் திரியும் இளம்பருவம் கிடையாது. முட்டைக் கூட்டிலிருந்து குட்டிச் சங்குகள் நேரே ஊர்ந்து வெளிவரும். ஓர் இடத்தில் அழிந்தால் வேறிடத்திலிருந்து மிதந்து வந்து குடியேற வழியில்லை.

பிரான்ஸ் 1982-இலும் பிரிட்டன் 1987-இலும் சிறு படகுகளுக்கு இந்தப் பூச்சைத் தடை செய்தன. உலகளாவிய உடன்படிக்கை 2001-இல் எழுதப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் பல கரைகளில் அந்தச் சங்குகள் மீண்டு வந்தன என்பது இத்துறையில் அரிதாகக் கிடைக்கும் நற்செய்தி.

இதை இங்கே எழுதக் காரணம், நம் சங்கும் புதுவயிற்றுக்காலிகள் என்ற அதே கடல்நத்தைப் பிரிவைச் சேர்ந்தது. அதன் குட்டிகளும் கொம்பு போன்ற முட்டைக் கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவருகின்றன. மொத்த வெள்ளீயத்தை அளக்கும் சாதாரண அட்டவணை இந்த ஆபத்தைக் காட்டியே இருக்காது.

20 ஜனவரி

திருத்தம். நேற்று பத்துக் கோடி லிட்டர் என்று எழுதியது பிழை. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எனவே நூறு கோடி லிட்டரில் ஒரு கிராம், அதாவது பத்து லட்சம் கன மீட்டர் நீரில் ஒரு கிராம். சுட்டிக்காட்டிய கணித ஆசிரியருக்கு நன்றி. பத்து மடங்குப் பிழையை நான் செய்வது இது முதல் முறையன்று. ஆய்வுக்கூடத்தில் நீர்த்தலைக் கணக்கிடும்போதும் இதே பிழைதான் என்னைத் துரத்தியது.

22 ஜனவரி

கேட்டவர் உண்மையில் கேட்டது சாப்பிடலாமா என்பதுதான். நான் ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டே இருந்துவிட்டேன்.

பன்னாட்டு உணவுத் தர விதித்தொகுப்பான கோடெக்ஸ், கடல் இருவோட்டு உயிரிகளுக்கும் (சிப்பி, ஸ்கேலப் நீங்கலாக) குடல் நீக்கிய கணவாய் வகைகளுக்கும் காட்மிய வரம்பைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. சங்கினங்களுக்கென்று தனி வரம்பு அதில் இல்லை. ஆகையால் வரம்பைவிட்டு உட்கொள்ளும் அளவைக் கணக்கிடுவது நல்லது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு 2010-இல் தற்காலிகமாக ஏற்கத்தக்கது என்று வகுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மாதம் 1500 மைக்ரோகிராம். ஈரச் சதையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்கான எண்ணே தவிர நான் அளந்ததன்று. 200 கிராம் உண்டால் 200 மைக்ரோகிராம். ஏழு வேளை உண்டால் மாதக் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடும். சோற்றிலிருந்தும் கீரையிலிருந்தும் வரும் காட்மியம் இதில் சேரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் இன்னும் கடுமையாக, கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம் என்றது. அதன்படி அதே மனிதருக்கு வாரம் 150 தான், ஒரு வேளைக் கறியே அதைத் தாண்டிவிடும். இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒரே தரவுகளைப் பார்த்துத்தான் இந்த எண்களுக்கு வந்தன. காட்மியம் மனிதச் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடுவதால் நான் கடுமையான எண்ணின் பக்கமே சாய்வேன்.

ஆனால் கணக்கைப் புரட்டிப்போடுவது எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறோம் என்பது. காட்மியத்தின் கிடங்கு செரிமானச் சுரப்பி. பாதத் தசையில் அதன் செறிவு அதைவிட மிகக் குறைவு. முழு உடலையும் அரைத்து அளந்த எண்ணைப் பாதத் தசையை மட்டும் உண்பவரின் தட்டுக்குப் பொருத்துவது சரியன்று.

23 ஜனவரி

மாணவர் ஒருவர், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் காட்மியம் உயர்ந்திருப்பதால் ஆற்றுநீர் கொண்டுவந்த மாசு என்று கொள்ளலாமா என்று தனியாகக் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஆம் என்றே எழுதியிருப்பேன். இப்போது தயங்குகிறேன். மழையால் உப்பு குறையும்போது, குளோரைடோடு பிணைந்திருந்த காட்மியம் விடுபட்டுத் தனி அயனியாகிறது. தனி அயனியே உடலுக்குள் எளிதில் நுழையும். ஆகவே நீரில் மொத்தக் காட்மியம் கூடாமலேயே சங்கில் கூடலாம். அதோடு முட்டையிட்டு முடித்த சங்கு மெலிந்திருக்கும். அதே அளவு உலோகம், குறைந்த சதை. ஒரு கிராமுக்கான எண் தானாகவே ஏறிவிடும். செறிவோடு, ஒரு சங்கின் உடலில் உள்ள மொத்த அளவையும் தனியே கணக்கிட்டுப் பாருங்கள்.

கொல்லத்திலிருந்து வரும் பாபிலோனியாவைத் தூத்துக்குடி மாதிரியோடு ஒப்பிடுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கடலில் காட்மியம் பாஸ்பேட்டைப் போலவே ஆழ்நீரில் மிகுந்தும் மேற்பரப்பில் குறைந்தும் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையில் ஆழ்நீர் மேலெழுவதால், ஆலையே இல்லாத இடத்திலும் அங்கே காட்மியம் சற்றுக் கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு. இது என் ஊகம், அளந்து சொன்னதில்லை.

2 பிப்ரவரி

வேகவைத்தால் போய்விடுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகாது. உலோகம் சிதைந்து மறையும் பொருளன்று. கொதிநீரில் சிறிது இறங்கலாம். ஆனால் வேகும்போது சதை சுருங்கி நீரை இழப்பதால் கிராமுக்கான எண் உயரவும் கூடும்.

நேற்று தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரைப்பக்கம் போயிருந்தேன். சங்குக் கறி சுத்தம் செய்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம், சுருளின் நுனியில் இருக்கும் கரும்பச்சைப் பகுதியை யாராவது கேட்டு வாங்குகிறார்களா என்று விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கசக்குமே அண்ணாச்சி, அத யாரு திங்கா?" என்று சொல்லிக்கொண்டே அதை வெட்டி நண்டுகளுக்கு எறிந்தார். செரிமானச் சுரப்பி அதுதான். கேட்டவர் வீட்டிலும் அதை நீக்கித்தான் சமைத்தார்களா என்று தெரிவித்தால், அந்த அட்டவணை அவர்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று சொல்லப் பார்க்கிறேன். நண்டைப் பற்றி யாரும் இப்போது கேட்க வேண்டாம்.